ஐந்துக்கு மேல் எழுதக் கூடாது

அலுவலகத்தில் அவளுக்குத் துருதுரு என்று பெயர். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்காரமாட்டாள். அவளுக்கு வாய்த்த வேலையோ, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, "போன ஒரு வருஷத்துல உங்களுக்கு எதிரா ஏதாவது குற்றம் நடந்துச்சா? போலீசுக்குப் போனீங்களா?" என்று கேட்பது. போலீஸ் ஏட்டில் ஏறாததையும் விடாமல் எண்ணத்தான் இந்தக் கணக்கெடுப்பாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

அன்று மதியம் ஒரு தையற்காரியின் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது.

"கல்லெறியறது யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன? என்னை விட்டுட்டுப் போன மகராசன்தான். ஸ்டேஷன்ல மூணு தடவை சொல்லிட்டேன். புருஷன் பொண்டாட்டி தகராறு, பேசித் தீர்த்துக்கோன்னு அனுப்பிட்டாங்க. எம் பொண்ணு பயந்துக்கிட்டு இந்த ரூமுக்கே வர்றதில்ல. சமையக்கட்டுல உக்காந்துதான் படிக்குது."

"எத்தனை தடவை எறிஞ்சிருப்பார்?"

தையற்காரி மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தாள். வாளி நிறையக் கல். ஒவ்வொன்றிலும் துணியில் கோடு போடும் சாக்கால் தேதி எழுதியிருந்தது.

"நாப்பத்தி மூணு."

துருதுரு படிவத்தில் 5 என்று எழுதினாள். தையற்காரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, அஞ்சா?"

"ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செஞ்சா அஞ்சு வரைக்கும்தான் எழுதணும்க்கா. மேல போனா மொத்தக் கணக்கும் எகிறிடும்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்போ மீதி முப்பத்தெட்டு?"

எழுந்து ஓடிவிடலாமா என்று துருதுருவுக்குக் கால் பரபரத்தது. அந்த நேரம் பார்த்து, அட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கல் வந்து அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. வெளியே சைக்கிள் ஒன்று விர்ரென்று போயிற்று.

தையற்காரி அலறவில்லை. கல்லை எடுத்துத் துடைத்துவிட்டுச் சாக்கைத் தேடினாள்.

"இப்ப நீங்களே பாத்துட்டீங்க. ஸ்டேஷனுக்கு வந்து சொல்றீங்களா?"

வீடுகளில் கேட்டதை வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட வேலை. மீறினால் சீட்டுக் கிழிந்துவிடும். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. கேட்டதைத்தானே சொல்லக் கூடாது? தன் மேல் பட்டதைச் சொல்லக் கூடாதென்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"கிளம்புங்கக்கா. வாளியையும் எடுத்துக்கோங்க."

ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் அவள் முழங்காலையும் மேசை மேலிருந்த கல்லையும் பார்த்தார். "ஒரே ஒரு கல்லுதானேம்மா? இதுக்கெல்லாம் கேஸா? போய் மருந்து போடு."

துருதுரு எதிரிலிருந்த நாற்காலியை இழுத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என் மேல விழுந்தது ஒண்ணுதான் சார். எழுதி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். வெளிய ஒரு அக்கா வாளியோட நிக்கிறாங்க. அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க."