மாதா கோயிலைக் கட்டிக்கொண்ட நாள்

ஹாப்காட் ஊரின் மாதா கோயில் என்றைக்கும் சும்மா இருந்ததில்லை. காலத்துக்கு ஒன்றாக அதில் எதையாவது ஒட்டவைத்துக்கொண்டே இருந்தார்கள். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் படையெடுத்து வந்த நார்மன்காரர்கள் யானைக்கால் தூண்களை நட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு கம்பளி வியாபாரி, தன் ஆத்துமா கரையேற வேண்டுமென்று வடக்குச் சுவரை இடித்துப் பக்கக்கூடம் ஒன்றைச் சேர்த்தான். அந்தப் பாரத்தில் ஒரு தூண் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தபடிதான் நிற்கிறது. பிறகு கோபுரம், தெற்கே முகமண்டபம். கடைசியாகக் கழிப்பறை. அதைக் கொண்டுவந்தவள் தெல்மா பர்ஸ்லோ.

கோயில் சாவி தெல்மாவிடம்தான் இருக்கும். வயசான டோரிஸ் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வீட்டுக்கு ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல், மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, வடக்குப் பக்கம் அதே சிவப்புக் கல்லில் கட்டவைத்தாள். ஆனால் ஒன்றை யாருமே யோசிக்கவில்லை, வரைபடம் போட்ட மகராசன் உட்பட. தவக்காலத்து அன்னையர் ஞாயிறன்று ஊரே கைகோத்துக் கோயிலைச் சுற்றி நின்று கட்டிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். வளையத்தின் இரண்டு நுனியும் எப்போதும் மட்டுமட்டாகத்தான் முட்டும். கழிப்பறை வெளியே துருத்திக்கொண்டதும், போன வருஷம் முட்டவில்லை.

மணியடிப்பவர்களின் தலைவன் ரெஜ் பார்டோ, பள்ளிக்கூட நாளிலிருந்தே தெல்மாவுக்கு எதிர்க்கட்சி. அன்றைக்கே அறிவித்துவிட்டான்.

"கக்கூஸையெல்லாம் என்னால கட்டிப்பிடிக்க முடியாது, தெல்மா. அது பக்கம் என் கால் படாது."

"கம்பளிக்காரனும்தான் சுவரை இடிச்சான். அவனை யாராச்சும் கேட்டீங்களா?"

"அவன் ஆத்துமாவுக்காகக் கட்டினான்."

"நான் டோரிஸுக்காகக் கட்டினேன்!"

வாய் அப்படிப் பேசியதே தவிர மனசு கேட்கவில்லை. அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயில்; அம்மாவை அடக்கம் செய்த மண். தன்னால் வளையம் அறுந்துபோனதே என்று வருஷம் முழுக்க மருகினாள். இந்தத் தடவையும் முட்டாவிட்டால் சாவியை ஒப்படைத்துவிடுவதாகப் போதகர் குவெனிடம் சொல்லியே விட்டாள்.

அந்த ஞாயிறு குளிர் எலும்பைத் துளைத்தது. தெற்கு வாசலில் எல்லோரும் கூடியபோது, ரெஜ் மட்டும் கோபுரப் பக்கத்துக் கல்லறைத்தோட்டச் சுவரில் சாய்ந்து, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"ஒரு கை குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றாள் தெல்மா.

"அந்தக் கக்கூஸ் நீ கூட்டிட்டு வந்த சீமாட்டி, நீயே கொஞ்சிக்கோ."

முகமண்டபத்திலிருந்து வளையம் இரண்டு பக்கமும் நீண்டது. கோபுரத்தைச் சுற்றி வந்த வரிசையின் நுனியில் தெல்மா. பலிபீடப் பக்கமாக வந்த வரிசையின் நுனியில் குவென். இரண்டு நுனியும் வடக்கே, கழிப்பறைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்து நின்றன. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.

"இழுக்காதீங்க, தோள்பட்டை கழண்டுடும்!" என்று பின்னாலிருந்து டோரிஸ் கத்தினாள். "என் கழுத்துத் துண்டைத் தரேன், ஆளுக்கொரு முனையாப் பிடிச்சுக்கோங்களேன்."

"வேண்டாம் டோரிஸ். கையோட கைதான். ஏமாத்து வேலை வேண்டாம்."

தெல்மா கழுத்தை எக்கிக் கல்லறைத்தோட்டச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். ரெஜ்ஜைக் காணோம், பிளாஸ்க் மட்டும் சுவர்மேல் இருந்தது. போயே போய்விட்டானா, படுபாவி! அவளுக்குக் கண் கலங்கியது.

"குவென், சாவி என் கோட்டுப் பையில இருக்கு. நீங்களே எடுத்துக்கோங்க."

குவென் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வரிசையே கழிப்பறைக் கதவுப் பக்கம் திரும்பியது. தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்துகொண்டு ரெஜ் பார்டோ வெளியே வந்தான். ஊரைப் பார்த்ததும் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"அது வந்து... டீ கொஞ்சம் அதிகமாப் போச்சு."

மேலே பேச அவனை யாரும் விடவில்லை. தெல்மா ஒரு கையைப் பற்றினாள், குவென் இன்னொரு கையை.

"முட்டிருச்சு!" என்று டோரிஸ் கூவினாள். ஊரே ஓரடி முன்னால் எடுத்து வைத்துக் கோயிலைக் கட்டிக்கொண்டது. திரும்பி நின்ற ரெஜ்ஜின் நெற்றி கழிப்பறைக் கதவில் இடித்தது.

"கை ஈரமா இருக்கு ரெஜ்," என்றாள் தெல்மா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

"சோப்பு போட்டுத்தான் கழுவினேன்," என்று கதவிடம் முணுமுணுத்தான் அவன். "நல்ல சோப்பாத்தான் வச்சிருக்கே."

அவள் அந்த ஈரக் கையை விடவில்லை.

"அடுத்த வருஷம் டீ நான் கொண்டுவரேன்டா, கிழவா. ரெண்டு பிளாஸ்க்."