அன்சா பெரியம்மா சொல்ல மறுத்த வாக்கியம்

அன்சா பெரியம்மா எண்பத்தொன்பது வயதில் இறந்தபோது எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. அவருடைய வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதி அச்சடித்துக் கோயிலில் வாசிக்கும் வேலையை டான்சோ மாமா என் தலையில் கட்டிவிட்டார். குடும்பத்துக்குத் தலைவர் மாமாதான். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பிராகோ, நீதான அக்ராவுல டீச்சரு. நீயே எழுதிடு."

நான் கணக்கு டீச்சர். அதை யார் கேட்கிறார்கள்?

எழுதினேன். எழுபது வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் கோயிலுக்குப் போனவர். மலேரியா வந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடியே போய் உட்காருவார். பிரசங்கத்தில் வசனம் தப்பினால் பெஞ்சிலிருந்தே இருமுவார், பாஸ்டர் திருத்திச் சொல்லும்வரை விடமாட்டார். கடைசியில், 'திருவிருந்தில் பங்குபெற்ற முழு உறுப்பினர்' என்று ஒரு வரி. எல்லோருடைய புத்தகத்திலும் அது இருக்கும். நானும் யோசிக்காமல் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உபதேசியார் பெடியாகோ அந்தப் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் அடக்கம். முற்றத்தில் கூடாரம் போட்டு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா இதை எழுதுனது?"

"நான்தான் ஐயா."

"உங்க பெரியம்மா திருவிருந்து எடுத்ததை நீ எப்பம்மா பாத்த?"

பெரியம்மா ஓப்போங்குக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி மாமே செவா இன்னும் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறார். எங்கள் சபையில் இரண்டாம் மனைவி பாடலாம், தரையைப் பெருக்கலாம், பூ வைக்கலாம். திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் மட்டும் கிடையாது. இறந்தால் பெட்டி கோயிலுக்குள் வராது. வாசலில் ஒரு ஜெபம், பிறகு நேரே கல்லறை. ஆனால் கணவன் போனபிறகு மூப்பர்கள் முன்னால் முழங்கால் போட்டு ஒரு வாக்கியம் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். ஓப்போங் போய் இருபது வருஷம் ஆயிற்று. பெரியம்மாவும் எப்போதோ சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒருவரும் கேட்கவில்லை.

"மூணு தடவை நானே போய்க் கூப்பிட்டேன்," என்றார் உபதேசியார். "'நான் வாழ்ந்தது பாவம், மன்னிச்சிடுங்க.' இவ்வளவுதான் சொல்லணும். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஓப்போங்கோட வாழ்ந்தது பாவம்னா, ஆறு வயசுல செத்தானே எம்புள்ள பியாங், அவன் யாருய்யா? போ, போய் மணி அடிக்கிற வேலையப் பாரு'ன்னுட்டாங்க."

டான்சோ மாமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"குமாசியிலேர்ந்து மூணு பஸ்ஸுல சொந்தக்காரங்க வராங்க. அத்தனை பேரு முன்னாடி வாசல்லயே வெச்சுத் திருப்பி அனுப்புவீங்களா? ஊருக்குள்ள நாங்க தலை காட்ட வேணாமா?"

"மூப்பருங்ககிட்டப் பேசிட்டேன். அவங்க ரத்தத்துல ஒரு பொண்ணு, அவங்களுக்குப் பதிலா முட்டி போட்டுச் சொல்லிட்டாப் போதும். மத்தியானம் மூணு மணிக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்று மணிவரை நான் உட்காரவில்லை. சோளமாவில் அவித்த கென்கேயும் பொரித்த மீனும் தட்டில் வைத்தார்கள், ஒரு வாய் இறங்கவில்லை. சின்ன வயதில் என்னை வளர்த்தவர் அவர்தான். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பத்தட்டு வருவதற்கு முன்பே எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவழியாகவே நிமிர்ந்து நடந்து வெளியே போவார். "ஏன் பெரியம்மா நாம மட்டும் போறோம்?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குப் பசிக்குதுடி, வா," என்றார். விருந்தை விட்டுவிட்டுப் பசிக்கிறது என்று போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன செய்யச் சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என் கஷ்டமே.

"உனக்கென்னடி இவ்வளவு யோசனை? செத்தவங்களுக்குக் காதா கேக்கப்போகுது?" என்று மாமா பின்னாலேயே வந்தார்.

கோயில் அலுவலறையில் பாஸ்டரும் ஏழு மூப்பர்களும். ஏழாவது மூப்பர் மாமே செவா. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். முழங்கால் போட்டேன். வாசலில் பெட்டி நிற்பதும், குமாசிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும், மாமா தலையைத் தொங்கப்போடுவதும் கண்ணுக்குள் வந்தன. என் பெரியம்மா அன்சா வாழ்ந்தது பாவம், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். பாஸ்டர் சபைப் பேரேட்டைத் திறந்து அவர் பெயரை எழுதினார். உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது மாமே செவா தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவரும் பெரியம்மாவும் நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டதில்லை.

"இப்பத் திருப்திதான மாமே?" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"திருப்தியா? எம்புருசன்ல பாதியை எடுத்துக்கிட்டவடி அவ. என்னைக்காவது அவ முட்டி போடுவா, கண்ணாரப் பாக்கணும்னுதான் இந்த இருபது வருசமும் மூப்பர் நாற்காலியை விடாமப் புடிச்சிக்கிட்டிருந்தேன். போடலையே! செத்த சேதி வந்தப்ப, ஜெயிச்சிட்டுப் போயிட்டாளேன்னு அழுதேன். அவளுக்காக நான் அழுதது அது ஒரு தடவைதான்." கிழவிக்கு மூச்சு வாங்கியது. "நீ வந்து அவளைத் தோக்கடிச்சிட்டியேடி."

உள்ளே போய் அந்தப் பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மைகூடக் காய்ந்திருக்காது. அதற்குள் தெருமுனையில் குமாசியிலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டேன்.