ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த பஸ்

ஊரடங்கு போட்ட வருஷம், நாடு முழுக்க ஒரு பஸ்கூட ஓடாத நாட்களில், கவரைப்பேட்டை அந்தோணியார் கோயில் பின்தெருவின் முதல் வீட்டுக்கு மட்டும் தினமும் காலையில் கம்பெனி பஸ் வந்து ரகுவை ஏற்றிக்கொண்டு போனது. கம்பெனி என்னவோ பூட்டித்தான் கிடந்தது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் யாருக்கும் தெரியாமல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், கேட்டில் பூட்டு தொங்குவதையும் பூட்டின் மேல் சிலந்தி வலை கட்டியிருப்பதையும் சொன்னார்கள். ஆனாலும் பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, ரகு ஏறினான், பொழுது சாயும்போது திரும்பி வந்தான், சட்டையில் இரும்புத் தூள் இருந்தது. டிரைவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, முன் கண்ணாடியில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கியிருந்தது, அதையும் வாங்க ஆளில்லை.

பஸ்ஸோடு விஷயம் முடியவில்லை. அந்த வீட்டுக்குள் ஊரடங்கு நுழையவே இல்லை. பழவேற்காட்டு மீன்காரி எங்கிருந்தோ வந்து அந்த வாசலில் மட்டும் கூடையை இறக்குவாள், பேரம் முடிந்து தெருவில் கால் வைத்தால் ஆளைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரகுவின் மாமனார் ஆதிநாராயணன் பொதட்டூர்பேட்டையிலிருந்து சோறு வடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். வழியில் போலீஸ் தடுப்புகளை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்டால், எந்தத் தடுப்பு என்று கேட்பார். அந்த வாசற்படி ஏறுகிறவர்களின் முகத்திலிருந்து மாஸ்க் மறைந்துவிடும், இறங்கியதும் பழையபடி காதில் மாட்டியிருக்கும். ரகுவின் மனைவி நர்மதா கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருதான் எடுத்துக்கொண்டது. பெரியபாளையத்தம்மனுக்கு அவள் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்ததன் பலன் என்று சிலர் சொன்னார்கள்.

தெருவில் வயிறு எரிந்தவர்களில் முதலிடம் கிறிஸ்டினாவுக்கு. எதிர்வரிசையில் இரண்டாவது வீடு அவளுடையது. காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தவள் அவள். “வேப்பில கட்னவளுக்கு பஸ்ஸு. கால் தேய நடந்தவளுக்கு ஒரு ஷேர் ஆட்டோகூட இல்லியா?” என்று சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்துக் கேட்டே விட்டாள். கிறிஸ்டினாவின் கணவன் ஜோஷ்வாவுக்கும் அதே கம்பெனி, அதே ஷிப்ட், ரகுவுக்குப் பக்கத்து மெஷின். அப்படியிருந்தும் அவனுக்கு ஹாரன் அடிக்கவில்லை. ஒரு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில் அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருந்தான். ஓட்டாத பைக்கைத் தினமும் கழுவினான். மிளகாய்த்தூள் டப்பாவையும் மல்லித்தூள் டப்பாவையும் இடம் மாற்றி வைத்தான். வெங்காயத்தை எப்படி நறுக்க வேண்டும் என்று அவளுக்கு, ஆமாம் அவளுக்கு, சொல்லிக்கொடுத்தான்.

பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதுவும் பூசை நேரம் போக. பிள்ளை இல்லை, அதைப் பற்றிக் கேட்பதை ஊரும் விட்டுவிட்டது. மற்ற நாட்களில் அவன் போவான், வருவான். அந்தப் போய் வருவதில்தான் அவர்களுடைய அன்பு இருந்தது. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பத்து மணி டீயோடு ஒரு மசால்வடை கொடுப்பார்கள். மனைவிமேல் பிரியமுள்ளவன் டீயை மட்டும் குடித்துவிட்டு வடையைப் பேப்பரில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வருவான். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரர்கள் மருமகனைப் பற்றி விசாரிக்கும்போது, வடை வருதா என்றுதான் கேட்பார்கள். ஜோஷ்வா ஒருநாளும் வெறும் பாக்ஸோடு வந்தவனில்லை. இப்போது பூட்டிய கம்பெனியிலிருந்து ரகு வடை கொண்டுவந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலிலேயே பேப்பரைப் பிரித்து நர்மதாவிடம் நீட்டுவான். அவள் அங்கேயே நின்று அதில் பாதியைக் கடிப்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்டினா மீதிப் பாதியும் தீரும்வரை பார்ப்பாள். வடைதானே என்று தானும் ஒருநாள் கடலைப்பருப்பு ஊறவைத்து ஒரு சட்டி சுட்டாள். ஜோஷ்வா பெருஞ்சீரகம் தூக்கல் என்றான். அவளால் ஒரு வடையைக்கூட முழுசாகத் தின்ன முடியவில்லை.

ஜோஷ்வா முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு திங்கட்கிழமை யூனிபார்ம் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, தெருமுனையில் போய் நின்றான். பஸ் அவனை கரண்ட் கம்பத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப்போய் ரகு வாசலில் நின்றது. ரகுவிடமோ நர்மதாவிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பொங்கலுக்கு முன்னால் தெருக்குழாயில் குடம் வைத்த வரிசையில் தகராறு வந்து, கிறிஸ்டினாவுக்கும் நர்மதாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சு நின்ற வீட்டில் எதையும் கேட்பதில்லை என்பது அந்தத் தெருவின் ஒழுங்கு. வீட்டில் உப்பு தீர்ந்தாலும் உப்பில்லாமல் தின்பார்களே தவிரக் கேட்கமாட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்குப் பேச்சு நிற்கவில்லை, பொறாமை இருந்தது. அதனால் அவர்களும் கேட்கவில்லை.

கடைசியில் கிறிஸ்டினா போன் போட்டாள். கொரோனா புகார் சொல்லும் நம்பர் அது. ஒரே அறை வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் பேச வேறு இடமில்லாததால், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த வீட்டில் தினமும் கூட்டம், கண்டவர்கள் வந்துபோகிறார்கள் என்று சொல்லி வைத்தாள். மறுநாள் காலையிலேயே வீட்டை அடைக்கத் தகரமும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய வண்டி வந்தது. ஆனால் அந்த நேரம் ரகு வீட்டு வாசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. வந்த ஊழியர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் தகரம் அடிக்க உத்தரவில்லை என்று சொல்லிவிட்டு, நாலடி இந்தப் பக்கம் தள்ளி, தெருவுக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். முதல் வீடு வெளியே நின்றது. கிறிஸ்டினா வீட்டோடு சேர்த்து மீதித் தெரு முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டது. புகார் சொன்னவன் நாசமாகப் போகட்டும் என்று தெருவே மண்ணை வாரித் தூற்றியபோது, கிறிஸ்டினாவும் கூட்டத்தோடு நின்று ஒரு பிடி தூற்றினாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஜோஷ்வா அவளைப் பார்த்தான்.

“கொழாயத் தொறந்து வுட்டுக்கினு பேசுனா எனக்குக் கேக்காதா? ரெண்டு மாசமா ஒரே ரூம்ல கீறோம். நீ மூச்சு வுடுறதே எனக்குக் கேக்குது.” மிளகாய்த்தூள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான் ஊட்ல கீறது உனக்கு அவ்ளோ பேஜாரா பூட்ச்சா?” என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கிறிஸ்டினாவுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அவ்வளவுதான், ஜோஷ்வா பேச்சை நிறுத்திவிட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். டப்பாக்களை அதனதன் இடத்தில் திருப்பி வைத்தான். அவனால் இனி எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தவன்போல் வீட்டில் நடமாடினான். ஒரு வாரம் கழித்து அவன் குளித்துவிட்டு வந்தபோது சிமெண்டுத் தரையில் ஈரக்காலின் அடையாளம் விழவில்லை என்பதைக் கிறிஸ்டினா கவனித்தாள். மறுநாள் அவன் எழுந்துபோன பாயில் படுத்த பள்ளம் இல்லை. அதற்கடுத்த நாள் அவன் உட்கார்ந்தபோது, எப்போதும் கீச்சென்று கத்துகிற பிளாஸ்டிக் நாற்காலி சும்மா இருந்தது. மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுக் காலியாகிக்கொண்டிருக்கிறான், அதுவும் கதவைத் திறக்காமலே, என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு அவள் பயந்த மாதிரி கொரோனாவுக்குக்கூடப் பயந்ததில்லை.

அவள் தகரத்தின் பக்கம் போய் நின்று தட்டினாள். அந்தப் பக்கம் நர்மதா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“நர்மதா, நான்தான். கிறிஸ்டினா.”

“சொல்லுக்கா.”

“போன் போட்டது நான்தாம்மா.”

“தெரியும்க்கா. நீ தூத்துன மண்ணு நேரா என் துணிமேல வந்து வுயுந்துச்சு.” நர்மதாவின் குரலில் கோபம் இருந்த மாதிரியும் இல்லை, இல்லாத மாதிரியும் இல்லை. “இப்ப இன்னா வோணும்?”

“எங்க ஊட்டுக்காரரையும் அந்த பஸ்ல ஏத்திக்கச் சொல்லு. அவுரு கரைஞ்சி போய்க்கினு கீறாரு.” இதைச் சொல்லும்போது கிறிஸ்டினா அழுதுவிட்டாள்.

“இத்த மொதல்லியே கேட்டுருந்தா ஆயிருக்குமே,” என்றாள் நர்மதா. “பஸ் முச்சூடும் காலியாத்தான வருது. ஏறிக்கச் சொல்லு, போ.”

மறுநாள் காலையில் ஜோஷ்வா தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் ஒருக்களித்து நுழைந்து வெளியே போனான். பஸ் கதவு திறந்தது. அவன் படியில் கால் வைத்தபோது பஸ் ஒரு பக்கம் சற்றே சாய்ந்ததைச் சந்து வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கிறிஸ்டினா வீட்டுக்குள் திரும்பினாள்.

இரண்டு மாதமாக அவள் ஏங்கிய பகல் அது. வீடு முழுக்க அவளுடையது. கூட்டினாள், துடைத்தாள், மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள், அறையின் நட்டநடுவில் கையைக் காலை நீட்டிப் படுத்தாள். பத்து மணி இருக்கும். போன வருஷம் இதே நேரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். கூட்டி, துடைத்து, படுத்திருந்தாள். அதற்கு முந்தின வருஷமும் அதேதான். கல்யாணமான புதுசில் தரை மட்டும் மண்தரை. ஊரடங்கு மார்ச் மாதம் போட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். தனக்கு அதை எந்த வருஷம் போட்டார்கள் என்று கிறிஸ்டினா விரல்விட்டு எண்ணப் பார்த்து, எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாயும்போது ஜோஷ்வா வந்தான். ஷூவின் எண்ணெய்க் கறை கழுவின தரையில் அப்படியே பதிந்தது. அவள் அதைப் பார்த்து உள்ளுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அவனுக்குக் குரல் திரும்பியிருந்தது, அளவுக்கு மேலேயே. மெஷின் எல்லாம் ஓடுகிறதாம், ஆள்தான் கம்மியாம். ஷிப்டில் கூட இருக்கும் துளசிராமன் மீசையை எடுத்துவிட்டானாம், அடையாளமே தெரியவில்லையாம். ஜி.என்.டி. ரோட்டில், அத்தனை பெரிய நெடுஞ்சாலையில், ஒரு லாரி கிடையாதாம், இரண்டு பக்கமும் கொன்றை பூத்துக் கிடக்கிறதாம். சொல்லிக்கொண்டே வடையை எடுத்து நீட்டினான். அவள் அதைக் கடித்தபடி அவன் வாயையே பார்த்தாள். வடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாளும் எதிர்வீட்டு வாசலைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறவனைப் பார்த்து எரிந்தது. நர்மதாவின்மேல் பட்டது ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு எரிந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த ஆள் தினமும் போய்விட்டு வந்து தனக்கு ஒரு வடையைக் கொடுத்திருக்கிறான், ரோட்டை அவனே வைத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த நாள் ஜோஷ்வா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, பின்னாலேயே கிறிஸ்டினா ஏறினாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள், கையில் வீட்டுச் சாவி. ரகு எழுந்து நின்றுவிட்டான்.

“நீ எங்க வர?” என்றான் ஜோஷ்வா.

“உங்க கூடத்தான். தள்ளிக் குந்துங்க, ஜன்னல் பக்கம் எனக்கு.”

“கம்பெனில இன்னா சொல்லுவாங்க?”

“பூட்டிக் கெடக்குற கம்பெனி இன்னா சொல்லும்?”

முன் கண்ணாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அங்கிருந்து யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. ஜோஷ்வா தள்ளி உட்கார்ந்தான். கிறிஸ்டினா கண்ணாடியை நகர்த்தித் திறந்தபோது, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நர்மதாவைப் பார்த்தாள். மீன்காரி, விருந்தாளி, ஊரடங்கு நுழையாத வீடு, எல்லாம் இருக்கிற பெண். ஆனால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அவள் பஸ்ஸைப் பார்த்த பார்வை கிறிஸ்டினாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தன் வீட்டு ஜன்னலுக்குள் இருந்து இரண்டு மாதம் பார்த்த பார்வைதான்.

பஸ் நகரத் தொடங்கியது. கிறிஸ்டினா தலையை வெளியே நீட்டி, “இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு கீற? நாளிக்கு நீயும் வந்துடு!” என்று கத்தினாள். நர்மதா பதில் சொன்னாளா என்று காற்றில் கேட்கவில்லை. பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது, ஜோஷ்வா சொன்னபடியே இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

மறுநாள் காலை ரகு வீட்டு வாசலில் பஸ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. நர்மதா தலை பின்னிக்கொண்டிருந்தாள்.