வெள்ளை விரிப்பின் மேல் வைத்த கண்ணாடி

ஒஸ்லோவில் எழவிருக்கும் பதினெட்டு மாடிக் கோபுரத்துக்கு இளம்பச்சைக் கண்ணாடியைத் தெரிவு செய்தவன் ஷரோனின் கணவன் மார்க்கஸ். இறப்பதற்கு முந்தைய வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெள்ளை விரிப்பின் மேல் மாதிரித் துண்டை வைத்துப் பார்த்துச் சொன்னான். அவன் வேலை செய்த கட்டட வடிவமைப்பு அலுவலகத்திலேயே வேலை செய்யும் ஷரோன்தான் இன்று மூன்று மணிக்குள் கண்ணாடிக்கான படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

மேகமூட்டத்தில், மொட்டை மாடியில் நின்று, துண்டுக்குப் பின்னால் தன் கறுப்புக் கோட்டைப் பிடித்தாள். கட்டி முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கப்போகும் உள்ளிருட்டுக்குப் பதிலாக அப்படிப் பிடிக்கப் பழக்கியவனே மார்க்கஸ்தான். கண்ணாடி பாசிக் குளம்போல் கறுத்தது.

"அக்கா, பத்து நிமிசம்தான் கிடக்கு. அண்ணா சொன்னதையே போடுங்கோவன்," என்றாள் உடன் வேலை செய்யும் ஜூலியா.

"படுக்கையிலை கிடந்து, வெள்ளை விரிப்பிலை வைச்சுப் பாத்துச் சொன்னதடி. எழும்பி வந்து பாத்திருந்தா அவரே என்னை ஏசியிருப்பார்."

படிவத்தில் இளம்பச்சை என்றிருந்ததை அடித்துவிட்டு, சாம்பல் நிறம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பச்சை மாதிரித் துண்டைக் கண்ணாடி நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.