மேகத்துக் கடையின் சாவி

ஹாஜ் மெக்கி எனக்குத் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூறு திர்ஹம். அவர் பழைய ஆள், ரியாலில்தான் எண்ணுவார். திர்ஹமுக்கு இருபது ரியால் என்று அவர் வாயில் அது ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ஆகிவிடும். அவர் சொல்லிக் கேட்கும்போது எனக்கே நான் பெரிய புள்ளி மாதிரி இருக்கும்.

காஸாபிளாங்காவில் தெர்ப் உமர் பேட்டை என்றால் மொத்த வியாபாரம். அங்கே ஹாஜுக்குத் தேயிலைக் கடை இருந்தது. நான் அவருடைய தள்ளுவண்டிக்காரன். லாரியில் வருகிற பெட்டிகளை இறக்கி, கடை கடையாகத் தள்ளிக்கொண்டு போவேன். வாரக் கடைசியில் கூலி கொடுக்கும்போது ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும் பூஅஸ்ஸா, உன் சட்டைப்பை ஓட்டை" என்பார். ஓட்டைதான். அப்படிச் சேர்ந்த பணம் அது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு அவசரம் என்று என்ன வரப்போகிறது? நானும் கேட்கவில்லை.

பிறகு ஹாஜின் அக்கா மகன் அய்மன் வந்தான். படித்தவன். கடையை ஃபோனுக்குள் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று மாமனை அரித்தெடுத்தான். அதற்குக் கணினி எதுவும் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தான். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய கட்டடம் நிறையக் கணினிகள் ஓடுகின்றனவாம். அதில் ஒரு துண்டு நமக்கு, மாத வாடகைக்கு. மஆரிஃப் பக்கத்தில் ஒரு கம்பெனி அந்த வாடகையைத் திர்ஹமில் வாங்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் கிளவுட் என்றான்.

"மேகத்துல கடை" என்றார் ஹாஜ். "மழை பெஞ்சா தேயிலை நனையாதே?"

அவர் கேலி செய்தாலும் கடை ஓடியது. தெற்கே கெல்மீம், தாதா என்ற ஊர்களிலிருந்தெல்லாம் கடைக்காரர்கள் ஃபோனிலேயே ஒட்டக மார்க் தேயிலை கேட்டார்கள். நான் அட்டைப் பெட்டியில் பெயர் எழுதி லாரி ஏற்றினேன். பள்ளிவாசலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருந்த காலம் அது. வளைந்து வளைந்து எழுதினாலும் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன.

அப்புறம் ஒரு கண்டெய்னர் முழுக்கத் தேயிலை கடல் தண்ணீரில் ஊறி வந்தது. கடன் கொடுத்த வங்கி விடவில்லை. கடைச் சாவியை விற்று அந்தப் பணத்தை அப்படியே வங்கிக்குக் கட்டினார் ஹாஜ். அய்மன் கனடா போய்விட்டான்.

சாவியை விற்பது எங்களுக்குச் சாதாரணம். கடையை வாடகைக்கு எடுக்கிறவன் முதலில் சாவிக்கென்று ஒரு பெருந்தொகை கொடுப்பான். அதன் பிறகு வாடகை சொற்பம். அதைத் தவறாமல் கட்டுகிறவரை கட்டடக்காரன்கூட அவனைக் கிளப்ப முடியாது. வருடக்கணக்கில் பூட்டியே வைத்திருக்கலாம். தெரு சூடு பிடித்ததும் சாவியை இன்னொருவனுக்கு விற்கலாம். ஹாஜ் வாங்கிய சாவி விற்கும்போது முப்பது மடங்கு போயிருந்தது.

அதனால்தான் கடையைக் காலி செய்த அன்று என்னை உட்கார வைத்து இப்படிச் சொன்னார்:

"கைல காசு இல்ல பூஅஸ்ஸா. ஆனா மேகத்துக் கடை இருக்கு. அத உன் பேருக்கு மாத்திடுறேன். வாடகைய மட்டும் விட்டுடாத. இன்னும் கொஞ்ச வருஷத்துல தெர்ப் உமர் மொத்தமும் மேல போயிடும். அப்ப நீ சொல்றதுதான் விலை. முதல்ல உன் பாக்கிய எடுத்துக்க. மிச்சம் இருந்தா எனக்கு ஒரு கிலோ தேயிலை வாங்கிக் குடு, போதும்."

அவர் ஏமாற்றவில்லை. அவர் வாழ்க்கையில் கண்ட கணக்கு அது. நானும் அதே தெருவில் மூட்டை தள்ளினவன், எனக்கும் அது சரியாகவே பட்டது.

மாதம் முந்நூற்றுப் பத்து திர்ஹம். சந்தையில் கிடைக்கிற வேலைக்குப் போய்க் கட்டினேன். கம்பெனிக் கவுண்டரில் கிஸ்லான் என்று ஒரு பெண் இருப்பாள். என்னைச் சித்தப்பா என்பாள். ரசீது கொடுக்கிற வரை அவளோடு பேசுகிறதுதான் அந்த மாதத்தில் நான் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. மற்றபடி ரொட்டிக்காரனிடம் "ரெண்டு குடு" என்பேன். அதோடு சரி.

என் அறை மொட்டை மாடியில், நாலு மாடி ஏற வேண்டும். முட்டி இரண்டும் போய்விட்டன. கீழ்த்தெருவில் லல்லா இத்தோ என்ற விதவை தன் வீட்டில் ஓர் அறையை ஒத்திக்கு விடுவதாகச் சொன்னாள். மொத்தமாக முப்பத்தெட்டாயிரம் கொடுத்தால் வாடகை இல்லாமல் இருக்கலாம். தரைத்தளம். நடு முற்றத்தைச் சுற்றி மூன்று குடும்பங்கள். பகலெல்லாம் துணி துவைக்கிற சத்தம், வானொலி, சண்டை. ஒருநாள் நான் எழுந்திருக்காவிட்டால் மத்தியானத்துக்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். மாடியில் தட்ட ஆளில்லை.

"ரமளான் பிறக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்" என்றாள் லல்லா இத்தோ. "அதுக்கு மேல என்னால முடியாது. நான் ஒண்ணும் உனக்கு அக்கா இல்ல."

அந்த மாதம் கிஸ்லானிடம் கேட்டேன், "மகளே, என் கடைப் பக்கம் யாராவது வர்றாங்களா?"

அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் வர்றாரு சித்தப்பா. தினமும், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம். இதே ஊர்க்காரர்தான். ஒட்டக மார்க்ல ஒரு பெட்டி எடுத்துக் கூடைல போடுறாரு. அனுப்பாம போயிடுறாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. சாவி வாங்க நினைக்கிறவன் அப்படித்தான் செய்வான். எதிர்ச் சாரியில் நின்று நாள் கணக்கில் கடையைப் பார்ப்பான், சும்மா விலை கேட்பான், போய்விடுவான். கடைசியில் ஒருநாள் தேநீர் குடிக்க வருவான். நானும் அவன் வரட்டும் என்று காத்திருந்தேன். அஸர் பாங்கு கேட்கும்போதெல்லாம், இப்போது கடை வாசலில் நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். முகம் தெரியாவிட்டாலும் எனக்கு ஓர் ஆள் இருந்தான்.

ரமளானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பொறுமை போய்விட்டது. கவுண்டருக்குப் போனேன்.

"அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்ப முடியுமா மகளே? சாவி தரத் தயார்னு. விலை பேசலாம்னு."

"எந்தச் சாவி?"

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த பையன் சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து எழுந்து போய்விட்டான்.

"சித்தப்பா, இதுக்குச் சாவிப்பணம் கிடையாது. தெருவுல இருக்குறது பத்துக் கடைதான், அதனால சாவிக்கு விலை. இங்க கேக்குறவனுக்கெல்லாம் புதுசா ஒண்ணு கிடைக்கும், பத்து நிமிஷத்துல, இதே வாடகைக்கு. உங்களோடத வாங்க யாரு வருவா?"

"நான் ஒரு மாசம்கூட விடாம கட்டியிருக்கேனே."

"அது கம்ப்யூட்டர் ஓடினதுக்கு வாடகை, அவ்வளவுதான். நீங்க உள்ள வியாபாரம் பண்றீங்கன்னு நினைச்சேன் சித்தப்பா. இல்லன்னா அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"வியாபாரம் என்ன, காத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "இன்னைக்கே மூடிடலாம். இல்ல, முன்பக்கம் மட்டும் போதும்னா குட்டியா ஒண்ணு இருக்கு, மாசம் முப்பது திர்ஹம். போர்டு தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது."

"மூடிடு" என்று சொல்லத்தான் வாய் வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

நேரே ஹாஜ் வீட்டுக்கு பஸ் ஏறினேன். ஹைய் ஹஸனி பகுதியில் தனியாக இருந்தார். மகன்கள் பிரஸ்ஸல்ஸில். நான் போய் மாதக்கணக்காகியிருந்தது. பாக்கி வைத்தவர் வீட்டுக்கு அடிக்கடி போகக் கூடாது. நலமா என்று கேட்டால்கூடக் காசு எங்கே என்று கேட்கிற மாதிரி விழும். இன்று கேட்கத்தான் போனேன். அரை மணிப் பயணம் முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். இந்த வீட்டை விற்றாவது கொடு, நான் மாடி ஏற முடியாதவன், சாவி என்று சொன்னாயே, எந்தச் சாவி.

கதவு சாத்தாமல் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடா கழுதை. செத்துட்டியோன்னு நினைச்சேன்" என்றார்.

"கழுதை சீக்கிரம் சாகாது ஹாஜ்."

"இங்க வா, பாரு." ஃபோனைத் திருப்பினார். ஒட்டக மார்க் பெட்டியின் படம். "விளக்கு எரியுது. நீ வாடகைய விடல."

விரலால் தொட்டார். கூடையில் ஒரு பெட்டி விழுந்தது. திரும்பவும் தொட்டு எடுத்துவிட்டார்.

வெளியே அஸர் முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"தினமும் பாப்பீங்களா?"

"வேற என்ன பாக்குறது? தொழுதுட்டு வந்தா அப்படியே கடைப்பக்கம் ஒரு நடை. ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் போர்டு இருக்குல்ல." ஃபோனை மடியில் வைத்தார். "ஏன் வரல இத்தனை நாளா?"

"வேலை ஹாஜ்."

"முட்டி போனவனுக்கு என்னடா வேலை? காசு கேக்க வந்திருக்கன்னு நான் நினைச்சுக்குவேனோன்னு நீ வரல. நானும் அதனாலதான் கூப்பிடல. குடுக்க இல்லாதவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?"

பஸ்ஸில் அடுக்கி வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டேன். இரண்டு பேர், ஒரே ஊர், நடுவில் அந்த முப்பத்தெட்டாயிரம். லல்லா இத்தோவின் முற்றமும் அந்தத் துணி துவைக்கிற சத்தமும் கண் முன்னால் வந்தன. கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு வாயைத் திறந்தேன்.

"சாவி வித்துட்டேன் ஹாஜ்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு?"

"அகாதிர்க்காரன். எண்ணெய் வியாபாரம்."

"எவ்வளவு?"

"உங்க பாக்கி எவ்வளவோ அவ்வளவு."

"ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரியாலா?" தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டியே. என்னைக் கேட்டிருந்தா ரெண்டு மடங்கு வாங்கித் தந்திருப்பேன். பேரம் பேசத் தெரியாத கழுதை." கண்கள் பளபளத்தன. அந்தக் கண்டெய்னர் வந்த நாளுக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்ததில்லை. சட்டென்று குரல் இறங்கியது. "போர்டு? அத எடுத்துடுவானா?"

"மாட்டான். ராசியான போர்டு, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டான்."

மாதம் முப்பது திர்ஹம். காலையில் ஒரு ரொட்டியைக் குறைத்தால் போச்சு.

ஹாஜ் எழுந்து அடுப்படிக்குப் போனார். புதினா கிள்ளுகிற வாசனை வந்தது. கோப்பை இரண்டையும் வைத்து, உயரத் தூக்கித் தேநீரை ஊற்றினார். கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"அப்ப உனக்கும் எனக்கும்?" என்றார், கோப்பையைப் பார்த்தபடி.

"தீர்ந்துச்சு ஹாஜ்."

"முழுசா சொல்லு. மேல படைச்சவன் கேட்டா நான் பதில் சொல்லணும்."

"நீங்க எனக்குத் தர வேண்டியது ஒண்ணும் இல்ல. மனசார விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னு ஏன்டா சொல்ற, அதான் வாங்கிட்டியே."

"ஆமா ஹாஜ். வாங்கிட்டேன்."

"அப்ப நாளைக்கும் வா" என்று கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.