கிடா துலுக்கிய இடம்

பிழைக்க வந்த நம் சனம் குடியிருக்கும் லேபர் கேம்ப்புக்குப் பின்னால் ரயில்மேட்டின் அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தண்டவாளம் போட்டபோது, ஆடுமாடுகள் மேய்ச்சலுக்கு அந்தப் பக்கம் போய்வர விட்ட வழி. மேய்ச்சல் நிலமெல்லாம் கட்டடமாகிப் போனது. இப்போது மனிதர்கள்தான் போகிறார்கள், அதுவும் முதுகை வளைத்துக்கொண்டு. ஆட்டுக்குக் கட்டியதில் நுழைந்தால் குனியத்தானே வேண்டும்!

இன்றைக்கு ஆடே வந்தது. வெயிலுமுத்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் போக, அவன் பெண்டாட்டி கலைச்செல்வி பின்னாலிருந்து கிடாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போன மழைக்காலத்தில் மகன் மாரீஸ்வரன் டெங்குவில் கிடந்தபோது முப்பிடாதியம்மனுக்கு நேர்ந்த கிடா. குட்டியாக வாங்கி, பாட்டிலில் பால் கொடுத்து, ‘ஹீரோ’ என்று பேர் வேறு வைத்துவிட்டாள். நேர்ந்த கிடாவுக்குப் பேர் வைப்பாளா ஒருத்தி? வைத்தாள். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறாள்.

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைத் துலுக்க வேண்டும். துலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். துலுக்காத கிடாவை வெட்டமாட்டார்கள்.

சுரங்கத்தின் நடுவில் போகும்போது மேலே லோக்கல் ரயில் தடதடத்தது. சித்திரையிலும் ஈரம் காயாத கூரையிலிருந்து சளசளவென்று நீர் கொட்டியது. ஹீரோ கொம்பிலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது.

கலைச்செல்விக்கு உயிரே போய்விட்டது. வெயிலுமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னட்டி நின்னுட்ட? ஜல்தி வா. பூசாரி காத்துக்கிட்டிருப்பாரு.”

“ஒண்ணுமில்ல, நீங்க நடங்க.”

ஒன்றுமில்லையாம்! அம்மன் கேட்டுவிட்டாளா, வெறும் கூரைத் தண்ணீரா? சொன்னால் ஹீரோ போய்விடும். சொல்லாமல் விட்டு, ஆத்தா கோபத்தில் பிள்ளை மறுபடி படுத்துவிட்டால்? கோயில் வருவதற்குள் எத்தனையோ தடவை வாயைத் திறந்து மூடினாள்.

பூசாரி மாலை போட்டு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா மாலையை இழுத்துத் தின்றது. மறுபடி ஊற்றினார். கொட்டுக்காரர்கள் காது கிழிய அடித்தார்கள். ம்ஹூம், கல் மாதிரி நின்றது.

“ஆத்தாளுக்கு வேண்டாமாம்ப்பா, ஓட்டிட்டுப் போ” என்றார் பூசாரி.

கறிச்சோற்றுக்கு வந்தவர்களின் முகம் தொங்கிப் போனது. கலைச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திரும்பும்போதும் அதே சுரங்கம். மேலே ரயில் போனது, நீர் கொட்டியது. சனியன் பிடித்த ஆடு, இரண்டு பேர் கண்ணெதிரிலும் மறுபடி துலுக்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? “இந்தாருங்க, போகும்போதும் இப்படித்தான்... நான் வாயத் தொறக்கல. புள்ளைக்கு எதுவும் வந்துருமோ?” என்று அழுதுவிட்டாள்.

வெயிலுமுத்து துண்டை எடுத்து ஹீரோவின் முதுகைத் துடைத்தான்.

“ஒண்ணும் வராது. ஆத்தா கேட்டா என்னயக் கேக்கட்டும். போகும்போதும் கயிறு என் கையிலதானட்டி இருந்துச்சு.”