சிவப்புப் பாண்டாவின் இடது கன்னம்

அவளுடைய ஸ்டுடியோவில் முகம் மட்டும்தான் படமாகும். பாஸ்போர்ட், அடையாள அட்டை, வேலைக்கான விண்ணப்பம். பதினெட்டு வருடமாக நாளுக்கு நாற்பது முகமாவது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து போகும். "கண்ண சிமிட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தெருவில் அவள் பெயரே 'சிமிட்டாதே அக்கா' என்றாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு அந்தச் சின்ன மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். அங்கே யானை, சிங்கம் கிடையாது. வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாத ஏழெட்டு விலங்குகள்தான். அவளுக்கு வேண்டியது சிவப்புப் பாண்டா. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, செம்பட்டை ரோமம், முகத்தில் தீட்டிவிட்டதுபோல் வெள்ளைக் கோடுகள்.

கம்பி வலையோடு லென்ஸை ஒட்டி வைத்தால் படத்தில் வலை தெரியாது. அப்படியே அசையாமல் நின்றாள். பாண்டா கிளைக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

நாத்தனார் பஸ் ஓட்டுகிறவள். அவளுக்குக் கால் கடுத்தது. "அண்ணி, டிராஃபிக்ல மாட்டுனாகூட இதுக்குள்ள வீட்டுக்குப் போயிருப்பேன்."

"இரு. இப்ப திரும்பும்."

திரும்பியது. கிளைமேல் உட்கார்ந்து மூங்கில் இலையை மென்றபடி நேராகப் பார்த்தது. கேமரா படபடவென்று அடித்தது. எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். இடது கண் ஒரு நூல் சின்னதாக இருந்தது. அதன் கீழே கன்னம் மேடு தட்டியிருந்தது. தலை சாய்ந்ததால் வந்த கோணலோ என்று ஆறு படங்களைப் புரட்டினாள். ஆறிலும் அதே மேடு.

வாளியோடு வந்த பராமரிப்பாளரை நிறுத்தினாள். "இதுக்கு இடது பக்கம் வீங்கியிருக்குங்க."

அவர் சிரித்தார். "அதோட மூஞ்சியே அப்படித்தாம்மா. பத்து வருஷமா நான்தான் பாக்குறேன்."

"தினமும் பாக்குறவங்களுக்குத்தான் தெரியாது. இந்தப் போர்டுல இருக்குற படம் இதேதானே?"

"இதேதான். போன வருஷம் எடுத்தது."

கேமராவைக் கூண்டின் முன்னால் இருந்த அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பலகையில் இருந்தது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் முகம். கேமராவில் இருந்தது அப்படியில்லை. பராமரிப்பாளர் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மூணு நாளா சாப்பாட்டப் பாதியில விட்டுடுது. வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் கால்நடை மருத்துவர் வந்தார். நடு வயதுப் பெண், அதிகம் பேசாதவர். படத்தைப் பார்த்தார், விலங்கைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீங்க டாக்டரா?"

"பாஸ்போர்ட் போட்டோ எடுக்குறேன்."

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க அண்ணி கண்ணுல எதுவும் தப்பாது டாக்டர். கல்யாணத்தன்னிக்கே எங்கண்ணன் மூக்கு கோணல்னு சொன்னவங்க."

மறுநாள் காலை பாண்டாவுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று வெடித்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டு மருத்துவரே ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும். இப்ப நல்லா சாப்பிடுது. மாசம் ஒருதடவ வந்து எல்லாத்தோட மூஞ்சியையும் எடுத்துக் குடுப்பீங்களா? பழச வச்சுப் புதுசப் பாக்கலாம்."

எதிரே ஸ்டூலில் ஒருவர் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். அவளுக்கு மனசு குளிர்ந்தது, ஆனால் குரலில் காட்டவில்லை.

"வர்றேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு படம். நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. அவசரப்படுத்தக் கூடாது."

"சரிங்க" என்றார் மருத்துவர், யாரிடமோ அனுமதி வாங்குகிறவர் போல.

முதல் மாதம் முள்ளம்பன்றி அவர்களைக் கண்டதும் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. பராமரிப்பாளர் தலையைச் சொறிந்தார். நாத்தனார் பையிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து விரித்தாள்.

"இது இன்னிக்குத் திரும்பாது அண்ணி."

"திரும்பும்" என்றாள் அவள், கேமராவைச் சரிபார்த்தபடி.